செனட்டரைத் தேர்ந்தெடுப்பது யார்? அமெரிக்க அரசமைப்பின் 17ஆம் திருத்தம்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர் என்பது தொடக்கம் முதல் மாறாத கணக்கு. மாறியது, அந்த இரண்டு பேரை அனுப்பும் கை. 1789 முதல் 1913 வரை மாநிலச் சட்டமன்றங்களே செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தன. 1913இல் நடைமுறைக்கு வந்த 17ஆம் திருத்தம் அந்த வேலையை வாக்காளரிடம் ஒப்படைத்தது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் வாதம் அடங்கவில்லை. பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்பவர்கள், வாஷிங்டன் மாநிலங்களின் குரலைப் பறித்துக்கொண்டது என்ற தொனியில் பேசுகிறார்கள். ஆனால் ஏடுகளைப் புரட்டினால் தெரிவது வேறு. இந்த அதிகாரத்தைச் சுமந்து நிலைகுலைந்தவை மாநிலச் சட்டமன்றங்களே. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தாமே முன்வந்து அந்தச் சுமையை இறக்கிவைத்தன.

1787ஆம் ஆண்டுக் கோடையில் பிலடெல்பியாவில் அரசமைப்பு மாநாடு கூடியபோதே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. இரண்டு அவைகளையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் வாதாடினார். அவர் மாநிலத்தைத் தவிர வேறு எதுவும் அவர் பக்கம் நிற்கவில்லை. ஜூன் 7ஆம் தேதி டெலவேரின் ஜான் டிக்கின்சன் முன்வைத்த தீர்மானப்படி, செனட்டர்களைச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும் என்று ஒருமனதாக முடிவானது. பெரிய மாநிலமானாலும் சிறிய மாநிலமானாலும் செனட்டில் சம இடம் என்ற ஏற்பாடு ஜூலை 16ஆம் தேதி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. இந்த இரண்டு முடிவுகளும் வெவ்வேறானவை. 17ஆம் திருத்தம் தொட்டது முதலாவதை மட்டுமே. அதனால்தான் 2020 கணக்கெடுப்பின்படி 3.95 கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் 5.8 லட்சம் பேர் கூட இல்லாத வயோமிங்குக்கும் இன்றும் இரண்டிரண்டு செனட்டர்கள்.

டிக்கின்சனும் அவரோடு உடன்பட்டவர்களும் எதிர்பார்த்தது என்ன? கீழவையில் மக்களின் உடனடி உணர்ச்சி ஒலிக்கும். மேலவையில் நிதானமானவர்கள் அமர்வார்கள். மாநில அரசுகளுக்கு மத்திய அரசுக்குள் ஒரு பிடி இருக்கும். சட்டமன்றம் அனுப்பிய செனட்டர் சட்டமன்றத்தின் தூதர் போல நடந்துகொள்வார் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. சில காலம் அப்படி நடக்கவும் செய்தது. முக்கியமான வாக்கெடுப்புகளில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சட்டமன்றங்கள் தங்கள் செனட்டர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பின. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்த தீர்மானத்தைச் செனட் குறிப்பேட்டிலிருந்து நீக்க வாக்களிக்குமாறு வர்ஜீனியா சட்டமன்றம் உத்தரவிட்டபோது, அதற்கு உடன்பட மனமில்லாத செனட்டர் ஜான் டைலர் 1836இல் பதவியைத் துறந்தார். பின்னாளில் ஜனாதிபதியானவர் அவர். ஆனால் டைலரின் ராஜினாமா அவரது மனசாட்சி சம்பந்தப்பட்டது. சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. செனட்டரைத் திரும்ப அழைக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு என்றுமே இருந்ததில்லை. ஆறாண்டுப் பதவி கையில் வந்த பிறகு, அறிவுறுத்தலைக் குப்பைக்கூடையில் போடவும் செனட்டரால் முடிந்தது. மாநிலத்தின் பிடி என்று சொல்லப்பட்டது அவ்வளவு தளர்வானதுதான்.

இதைவிடப் பெரிய பாதிப்பு மாநிலத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போதே வாக்காளர்கள் செனட்டரை மனத்தில் வைத்து வாக்களிக்கத் தொடங்கினார்கள். 1858இல் இல்லினாய் முழுவதும், செனட் இடத்துக்குப் போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஏழு ஊர்களில் நேருக்கு நேர் வாதிட்டார்கள். அடிமைமுறை பற்றிய அந்த விவாதங்கள் அமெரிக்க வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்கள். கேட்கத் திரண்ட கூட்டத்தில் ஒருவருக்குக்கூட லிங்கனுக்கோ டக்ளஸுக்கோ வாக்களிக்கும் உரிமை இல்லை. அவர்கள் வாக்களித்தது உள்ளூர்ச் சட்டமன்ற வேட்பாளர்களுக்கு. லிங்கனின் கட்சி வேட்பாளர்கள் மாநில அளவில் சற்று அதிக வாக்குகள் பெற்றும், சட்டமன்றத்தில் 54க்கு 46 என்ற கணக்கில் டக்ளஸ் வென்றார். உள்ளூர்ச் சாலை, பள்ளிக்கூடம், வரி எல்லாம் அந்தத் தேர்தலில் பின்னுக்குப் போய்விட்டன.

உள்நாட்டுப் போருக்குப் பின் நிலைமை மோசமானது. நியூஜெர்சியில் ஜான் ஸ்டாக்டன் அறுதிப் பெரும்பான்மை இல்லாமலே தேர்வாகி, 1866இல் செனட்டால் வெளியேற்றப்பட்டார். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் தனித்தனியே வாய்மொழியாக வாக்களிக்க வேண்டும். ஒரே பெயரில் உடன்படாவிட்டால் கூட்டாகக் கூடி, ஒருவர் பெரும்பான்மை பெறும்வரை தினந்தோறும் நண்பகலில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஒழுங்கைக் கொண்டுவர வந்த விதி முட்டுக்கட்டைக்கு வழிவிட்டது. கட்சிக்குள் பத்துப் பேர் முரண்டு பிடித்தாலே போதும், மாநிலம் முழுவதும் காத்துக்கிடக்கும். 1891 முதல் 1905 வரையிலான காலத்தில் மட்டும் 20 மாநிலங்களில் 40க்கும் மேற்பட்ட முறை இப்படித் தேர்தல் இழுபறியில் சிக்கியது.

ஓரிகன் மாநிலத்தில் 1897இல் நடந்தது இதன் உச்சம். ஜான் மிட்செல் மீண்டும் செனட்டராகக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்கள் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையை அமையவே விடவில்லை. கூட்டத்தொடர் காலம் முழுதும் கழிந்தது. ஒரு சட்டம்கூட நிறைவேறவில்லை, வரவுசெலவுத் திட்டமும் இல்லை. ஆளுநர் தாமாக ஒருவரை நியமித்து அனுப்பினார்; செனட் அவரை ஏற்க மறுத்தது.

டெலவேரின் கதை இன்னும் நீண்டது. எரிவாயுத் தொழிலில் பணம் குவித்த எட்வர்ட் அடிக்ஸ் எப்படியாவது செனட்டராகிவிட வேண்டும் என்று குடியரசுக் கட்சியின் ஒரு பகுதியைத் தன் கைக்குள் வைத்திருந்தார். அவரை ஏற்காத இன்னொரு பகுதி கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1901 முதல் 1903 வரை டெலவேருக்கு வாஷிங்டனில் ஒரு செனட்டர்கூடக் கிடையாது. மாநிலங்களின் குரலுக்காக உருவான முறை, ஒரு மாநிலத்தை இரண்டாண்டுகள் முற்றிலும் ஊமையாக்கியது. அத்தனைக்கும் பிறகு அடிக்ஸும் செனட்டராகவில்லை.

பணத்தின் ஆட்டத்துக்கு மொன்டானாவே சாட்சி. தாமிரச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க்கும் அவரது பரம வைரி மார்கஸ் டேலியும் மாநில அரசியலையே பங்குபோட்டுச் சண்டையிட்டார்கள். 1899 ஜனவரியில் பிரெட் வைட்சைட் என்ற மாநிலச் செனட் உறுப்பினர், கிளார்க்குக்கு வாக்களிக்கத் தரப்பட்டது என்று சொல்லி 30,000 டாலரை விசாரணைக் குழுவின் முன் எடுத்துவைத்தார். அப்படியும் கிளார்க் தேர்வானார். வாஷிங்டனில் செனட்டின் தேர்தல் குழு விசாரித்து, அவருக்கு அந்த இடத்தில் உரிமையில்லை என்று முடிவுகட்டியது. அவை வாக்களிக்கும் முன் 1900 மே மாதம் கிளார்க் பதவி விலகினார். ஆளுநர் மாநிலத்தில் இல்லாத நேரம் பார்த்து, துணை ஆளுநர் அதே காலியிடத்துக்கு அதே கிளார்க்கை நியமித்தார்! ஊர் திரும்பிய ஆளுநர் அதை ரத்து செய்து வேறொருவரை நியமித்தார். செனட் இருவரையும் அமர்த்தவில்லை. மறு ஆண்டே மொன்டானா சட்டமன்றம் கிளார்க்கை முறைப்படித் தேர்ந்தெடுத்தது; 1907 வரை அவர் செனட்டராக இருந்தார். நூறு பேருக்கும் குறைவான ஒரு வாக்காளர் தொகுதியை ஒரு சுரங்க முதலாளி விலைபேச முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் விளக்காது.

1893 முதல் 1902 வரை நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபை நேரடித் தேர்தலுக்கான திருத்தத்தை ஐந்து முறை நிறைவேற்றி அனுப்பியது. சட்டமன்றங்களால் வந்தவர்கள் நிறைந்த செனட், ஒவ்வொரு முறையும் அதைக் கிடப்பில் போட்டது. வழி பிறந்தது மாநிலங்களிலிருந்துதான். 1897இல் முடங்கிய அதே ஓரிகன் இதற்கு முன்னோடி. வில்லியம் யூரென் என்ற சீர்திருத்தவாதியின் முயற்சியால் 1904இல் வாக்காளர்களே ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதன்படி சட்டமன்ற வேட்பாளர்கள், மக்கள் வாக்கில் முதலிடம் பெறுபவரையே, அவர் எந்தக் கட்சியானாலும், செனட்டராக்குவோம் என்று கையெழுத்திட்டு உறுதி தரலாம். தராதவர் மக்களிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1908இல் வாக்காளர்கள் ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் சேம்பர்லெயினை முன்னிறுத்தினார்கள். 1909இல் குடியரசுக் கட்சி நிறைந்த சட்டமன்றம், கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, எதிர்க்கட்சிக்காரரைச் செனட்டுக்கு அனுப்பியது. 1912க்குள் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் இந்தப் பாதையில் வந்துவிட்டன. அரசமைப்புத் திருத்த மாநாட்டைக் கூட்டுமாறு கோரிய மாநிலங்களின் எண்ணிக்கையும் தேவையான அளவை நெருங்கியது. இல்லினாயின் வில்லியம் லாரிமர் லஞ்சப் புகாரில் 1912 ஜூலையில் செனட்டிலிருந்தே நீக்கப்பட்டபோது பழைய முறையின் பெயர் முழுதாகக் கெட்டிருந்தது.

ஆனால் திருத்தத்தின் கதையில் ஒரு கறைபடிந்த பகுதியும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தெற்கு மாநில உறுப்பினர்கள் நேரடித் தேர்தலை ஏற்க ஒரு நிபந்தனை வைத்தார்கள்: செனட் தேர்தல் நடத்தும் முறையில் மத்திய அரசு தலையிடும் அதிகாரத்தை நீக்க வேண்டும். கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்துவைத்திருந்த ஏற்பாடுகளுக்கு அரண் தேடியதே அதன் நோக்கம். கன்சாஸின் ஜோசப் பிரிஸ்டோ அந்த நிபந்தனை இல்லாத வாசகத்தைக் கொண்டுவந்தார். 1911 ஜூன் 12ஆம் தேதி செனட்டில் வாக்குகள் 44க்கு 44 எனச் சமமாகப் பிரிந்தன. துணை ஜனாதிபதி ஜேம்ஸ் ஷெர்மனின் வாக்கால் பிரிஸ்டோவின் வாசகம் பிழைத்தது. 1912 மே மாதம் பிரதிநிதிகள் சபையும் இசைந்தது. மாசசூசெட்ஸ் முதலில் ஒப்புதல் தர, 1913 ஏப்ரல் 8ஆம் தேதி கனெக்டிகட் 36ஆவது மாநிலமாகக் கையெழுத்திட, திருத்தம் நிறைவேறியது. பதினோரு மாதங்கள்கூட ஆகவில்லை. தங்கள் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க 36 சட்டமன்றங்கள் காட்டிய இந்த வேகத்தை, மாநில உரிமை பறிபோனது என்பவர்கள் விளக்க வேண்டும். யூட்டாவோ திருத்தத்தை வெளிப்படையாக நிராகரித்தது.

நேரடித் தேர்தல் வந்ததும் எல்லோருக்கும் வாக்கு வந்துவிடவில்லை. செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர் ஹைரம் ரெவல்ஸை 1870இல் அனுப்பியது மிசிசிப்பி சட்டமன்றம். மக்கள் வாக்கால் தேர்வான முதல் கறுப்பினச் செனட்டர் மாசசூசெட்ஸின் எட்வர்ட் புரூக், ஆண்டு 1966. முந்தைய ஆண்டுதான் வாக்குரிமைச் சட்டம் வந்திருந்தது. யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு முன்னால், யாருக்கு வாக்கு இருக்கிறது என்ற கேள்வி நிற்கிறது.

பணமும் ஒழியவில்லை. 1926 தேர்தலில் வென்ற பென்சில்வேனியாவின் வில்லியம் வேர், இல்லினாயின் பிராங்க் ஸ்மித் இருவரையும் தேர்தல் செலவு முறைகேடுகளைக் காட்டிச் செனட் ஏற்கவில்லை. இன்றோ செனட் தேர்தல் என்பது விளம்பரத்துக்கும் நிதி திரட்டலுக்கும் ஆண்டுக்கணக்கில் அலையும் வேலை. ஜார்ஜியாவின் ஜெல் மில்லர் 2004இல் 17ஆம் திருத்தத்தை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது, மாநில அரசுகளுக்கு வாஷிங்டனில் ஆளில்லை என்பதே அவர் வாதத்தின் மையம். நீதிபதி ஆன்டனின் ஸ்கலியாவும் இந்தத் திருத்தத்தின் மீது அதிருப்தி தெரிவித்தவர். அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை உண்டு: செலவை மாநிலத்தின் தலையில் கட்டும் மத்தியச் சட்டங்களைத் தடுக்க மாநில அரசுகளுக்கு இன்று நேரடி வழி குறைவு. ஆனால் அதற்கு மருந்தாக 1897இன் ஓரிகனைத் திரும்பக் கேட்பது, நோயைவிடக் கொடிய சிகிச்சை.

மற்ற கூட்டாட்சிகள் இந்த அனுபவத்தை வெவ்வேறாகப் பயன்படுத்திக்கொண்டன. ஆஸ்திரேலியா 1901இல் பிறந்தபோதே தன் செனட்டை மக்களின் நேரடி வாக்கில் அமைத்தது. இந்தியா மாநிலங்களவையைச் சட்டமன்ற உறுப்பினர்களிடமே விட்டது. ஆனால் ஒற்றை மாற்று வாக்கு கொண்ட விகிதாசார முறையில். தமிழ்நாட்டின் 18 இடங்களில் ஆறு இடங்களுக்கு ஒரே நேரத்தில் தேர்தல் வந்தால், 234 பேர் கொண்ட பேரவையில் 34 உறுப்பினர்களின் ஆதரவு ஒருவருக்குப் போதும். பெரும்பான்மைக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் அமெரிக்க முட்டுக்கட்டை இங்கே எழாததற்கு இந்தக் கணக்கே காரணம். ஆனால் மொன்டானாவின் நிழல் இங்கும் விழுந்திருக்கிறது. 2003இல் ரகசிய வாக்கு போய்த் திறந்த வாக்கு வந்ததே கட்சி மாறி வாக்களிப்பதையும் அதன் பின்னிருந்த பணத்தையும் தடுக்கத்தான். அப்படியும் 2012இல் ஜார்க்கண்டில் பெரும் தொகை பிடிபட்டு மாநிலங்களவைத் தேர்தலே ரத்தானது. அந்தத் தேர்தலில் லஞ்சம் பெற்றதாக ஓர் உறுப்பினர் மீது வந்த வழக்கில்தான், மாநிலங்களவைத் தேர்தலில் வாக்களிக்க லஞ்சம் வாங்குவதற்கு உறுப்பினர் உரிமை பாதுகாப்பு தராது என்று 2024 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

மீண்டும் அமெரிக்காவுக்கு வந்தால், 17ஆம் திருத்தமும் ஓர் ஓட்டையை விட்டுவைத்தது. செனட்டர் இடையில் இறந்தாலோ விலகினாலோ, சட்டமன்றம் அனுமதித்தால் ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். பாரக் ஒபாமா ஜனாதிபதியாகத் தேர்வாகி விட்டுச்சென்ற இடத்தை விலைபேசியதாக இல்லினாய் ஆளுநர் ராட் பிளாகோயெவிச் 2008 டிசம்பரில் கைதானார். மறு மாதமே பதவி நீக்கப்பட்டார். கைதுக்கும் நீக்கத்துக்கும் இடையில் அவர் நியமித்த ரோலண்ட் பரிஸ், தொடக்கத்தில் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டாலும், கடைசியில் செனட்டில் அமர்ந்தார். விஸ்கான்சின் போன்ற சில மாநிலங்கள் ஆளுநருக்கு அந்த வாய்ப்பைத் தருவதில்லை. அங்கே இடம் காலியானால் இடைத்தேர்தல்தான். ஓரிகனிலும் அதே விதி.