250 டாலர் பரிசும் ஒரு மதுக்கடை உரிமமும்

நம் ஊர் கிளப்புகளில் தம்போலா என்று ஆடுகிறார்களே, அதன் நெருங்கிய உறவுதான் அமெரிக்காவின் பிங்கோ. 1976 ஜூனில் கலிபோர்னிய மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பைத் திருத்தி, இந்த ஆட்டத்தை அனுமதிப்பதை நகராட்சிகளிடமும் கவுண்டி நிர்வாகங்களிடமும் விட்டார்கள். அறப்பணிக்கு மட்டுமே ஆடலாம். நடத்துபவர்கள் அந்த அற அமைப்பின் உறுப்பினர்களாக இருக்கவேண்டும், கூலி வாங்கக்கூடாது, ஓர் ஆட்டத்தின் பரிசு 250 டாலரைத் தாண்டக்கூடாது என்று மாநிலச் சட்டம் வரம்பு கட்டியது. மதுவில் நிலைமை நேர்மாறு. கடை எந்தத் தெருவில் வரலாம் என்று நகராட்சி சொல்லலாம். உரிமம் கொடுப்பது 1955 முதல் மாநிலத்தின் மதுபானக் கட்டுப்பாட்டுத் துறை. இந்த இரண்டு ஏற்பாடுகளும் 1980களில் பழங்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களின் எல்லையில் போய் முட்டின. நான்கே ஆண்டு இடைவெளியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எதிரெதிரான இரண்டு பதில்களைத் தந்தது: மதுவுக்கு மாநில உரிமம் வேண்டும், பிங்கோவுக்கு உள்ளூர் விதி செல்லாது. பிங்கோ தீர்ப்பு சரி என்றும், மதுத் தீர்ப்பு வரலாற்றைத் தலைகீழாகப் படித்தது என்றும் நான் கருதுகிறேன்.

பிங்கோ வழக்கு ரிவர்சைடு கவுண்டியில் எழுந்தது. கபசோன் பழங்குடிக் குழுவில் பதிவுபெற்ற உறுப்பினர்கள் 25 பேர்தான். மொரோங்கோ குழுவில் ஏறத்தாழ 730 பேர். இரு குழுக்களும் தங்கள் நிலத்தில் பிங்கோ கூடம் நடத்தின. கபசோன்கள் சீட்டாட்டக் கூடமும் வைத்திருந்தார்கள். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியாட்கள். பணியாளர்களுக்குச் சம்பளம் உண்டு, பரிசுக்கு மாநில வரம்பு கிடையாது. மாநிலம் தன் சட்டத்தையும், கவுண்டி தன் பிங்கோ விதியையும் சீட்டாட்டத் தடையையும் இங்கே செலுத்தப் பார்த்தன. அவற்றுக்குக் கையில் இருந்த கருவி, 1953 ஆகஸ்ட் 15 அன்று நிறைவேறிய, பொதுச் சட்டம் 280 எனப்படும் சட்டம். பழங்குடி நிலங்களில் குற்றவியல் அதிகாரத்தை அது கலிபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்களுக்குத் தந்திருந்தது. ஒரு செயலை அடியோடு தடைசெய்யும் சட்டமானால் அந்த அதிகாரம் எட்டும். அனுமதித்துவிட்டு ஒழுங்குபடுத்தும் சட்டமானால் எட்டாது. 1976இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அடியொற்றி வளர்ந்த வேறுபாடு இது. புளோரிடாவில் செமினோல் பழங்குடியினர் 1979இல் பெரும்பரிசு பிங்கோ கூடம் திறந்து, 1981இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றதும் இதே வாதத்தால்தான்.

1987 பிப்ரவரி 25 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பழங்குடிகள் வென்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் வைட் முன்வைத்த ஆதாரம் எளிமையானது: கலிபோர்னியாவே லாட்டரி நடத்தி, வாங்கு வாங்கு என்று மக்களை அழைக்கிறது, குதிரைப் பந்தயத்தை அனுமதிக்கிறது, பிங்கோவையும் அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட மாநிலம் சூதாட்டத்தைத் தன் பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று சொல்ல முடியாது. இன்னொன்றையும் அவர் எடைபோட்டார். அந்த நிலங்களில் எடுத்து விற்க வளம் ஏதுமில்லை. பழங்குடி நிர்வாகங்களின் ஒரே வருமானம் இந்த ஆட்டங்கள்தான். கூட்டாட்சி அரசும் அவற்றை ஊக்குவித்து வந்தது.

இதற்கு எழுந்த மறுப்புகளில் வலுவானது குற்றக் கும்பல்கள் நுழைந்துவிடும் என்பது. பணமாகப் புரளும் தொழிலில் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த நிலங்களில் அப்படி நடந்ததற்கான சான்றை மாநிலம் காட்டவில்லை. மறுத்து எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் வேறு கோணத்தில் கேட்டார்: இதை ஒப்புக்கொண்டால், மாநிலம் விலக்கிவைத்த மற்ற லாபத் தொழில்கள் எல்லாவற்றுக்கும் பழங்குடி நிலம் புகலிடம் ஆகிவிடாதா? தீர்ப்பின் தர்க்கமே இதற்கு விடை சொல்கிறது. மாநிலம் உண்மையாகவே தடைசெய்தது பழங்குடி நிலத்திலும் தடைதான். தானே நடத்திக்கொண்டு பிறரை மட்டும் தடுப்பதைத்தான் நீதிமன்றம் ஏற்கவில்லை.

மது வழக்கு இதற்கு முந்தியது. சான் டியேகோ கவுண்டியின் பாலா நிலத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த, கூட்டாட்சியின் வணிக உரிமம் பெற்ற ஒரு பழங்குடி வணிகர், வீட்டுக்கு வாங்கிச் செல்லும் மதுவை விற்க மாநில உரிமம் தேவையில்லை என்று வாதிட்டார். 1983 ஜூலை 1 அன்று நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்த்தது. பழங்குடிகளுக்கு மதுவை ஒழுங்குபடுத்திய மரபே இல்லை, நெடுங்காலமாக அது கூட்டாட்சியும் மாநிலங்களும் கவனித்த துறை என்று எழுதினார் நீதிபதி ஓ'கானர். இங்கேதான் நான் முரண்படுகிறேன். 1802இல் மயாமி பழங்குடித் தலைவர் லிட்டில் டர்ட்டில், தம் மக்களிடம் சாராயம் விற்பதை நிறுத்தும்படி அதிபர் ஜெபர்சனிடம் முறையிட்டார். அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதிபருக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது. 1832இல் முழுத்தடை வந்தது. தடை 1953 வரை நீடித்தது. 120 ஆண்டுகளுக்கு மேல் ஒரு சமூகத்தின் கையிலிருந்து ஒரு பொறுப்பைப் பறித்து வைத்துவிட்டு, அந்தப் பொறுப்பை நீ ஏற்றதே இல்லையே என்று கேட்பது நியாயம் ஆகாது.

தடையைத் தளர்த்திய சட்டமும் 1953 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. மது விற்பனை மாநிலச் சட்டத்துக்கும் இணங்கவேண்டும், பழங்குடி நிர்வாகத்தின் விதிக்கும் இணங்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. பழங்குடி நிர்வாகத்துக்கு அதில் இடம் இருப்பதே அவர்களால் ஆளமுடியும் என்று காங்கிரஸ் நம்பியதற்குச் சான்று. வயோமிங்கின் விண்ட் ரிவர் நிலத்தில் ஷோஷோனி, அரப்பஹோ பழங்குடிகள் பொது விசாரணை வைத்து, ஊராரின் புகாரைக் கேட்டு, ஒரு மதுக்கூடத்துக்கு உரிமம் மறுத்தார்கள். அந்த அதிகாரத்தை 1975இல் ஒருமனதாக ஏற்றது இதே உச்ச நீதிமன்றம்தான். குடித்தவர் வண்டியோட்டி வெளியே போகிறார், தீங்கு எல்லையைத் தாண்டுகிறது, ஆகவே மாநிலத்துக்கும் குரல் வேண்டும் என்பார்கள். உண்மை, சட்டத்தின் சொற்களில் மாநிலத்துக்கு இடம் இருப்பதையும் நான் மறுக்கவில்லை. பாலா கடைக்காரர் தோற்றிருக்கலாம். ஆனால் சட்டத்தின் வாசகத்தால் தோற்றிருக்கவேண்டும். மரபு இல்லாத மக்கள் என்ற முத்திரையால் அல்ல.

பிங்கோவுக்குத் திரும்பினால், 1988இல் காங்கிரஸ் அமெரிக்கப் பழங்குடிகளுக்கான சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. பிங்கோவைப் பழங்குடி நிர்வாகமும் ஒரு தேசிய ஆணையமும் கவனிக்கும். சூதாட்ட இயந்திரம் போன்ற பெரிய ஆட்டங்களுக்கு மாநிலத்தோடு உடன்படிக்கை வேண்டும். அறப்பணிக்கு ஆடும் தேவாலயமும் முதியோர் சங்கமும் 250 டாலரில் நிற்க, பக்கத்து நிலத்தில் பெரும்பரிசு தருவது அநீதி என்ற புகார் மட்டும் தொடர்ந்தது. அற அமைப்பின் பெயரில் தனியார் லாபம் பார்க்காமலிருக்கப் போட்ட வரம்பு அது. தன் மக்களுக்கான செலவுகளை ஆட்டத்திலிருந்து பார்க்கும் ஒரு நிர்வாகத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. வரம்பு இறுக்கமாக இருந்தால் தளர்த்தவேண்டியது மாநிலம்தான். கலிபோர்னியா 2008இல் அதைச் செய்தது: அற அமைப்புகளின் பிங்கோ பரிசு ஆட்டத்துக்கு 500 டாலராக உயர்ந்தது.