குடிசன மதிப்பும் பெயரற்ற பூட்டனும்

இலங்கையின் முதலாவது முறையான குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் எடுக்கப்பட்டது. அன்று கணக்கிடப்பட்டோர் தொகை 2,400,380. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களின் லயங்களிற் குடியிருந்த தமிழ்த் தொழிலாளரும் இத்தொகையுள் அடங்குவர். அவர்களுள் ஒருவனைத் தன் பூட்டனெனத் தேடிச் செல்பவர் 1871, 1881, 1891ஆம் ஆண்டுகளின் அறிக்கைகளை எத்துணை நுணுகி நோக்கினும், அவற்றில் ஆண், பெண், வயது, தொழில், இனம் என வகுக்கப்பட்ட எண்களைக் காண்பாரேயன்றி ஒரு பெயரையேனும் காணார்.

இங்கிலாந்தின் நிலை வேறு. அங்கு 1841 முதலான மதிப்புகளில் வீடுதோறும் எழுதப்பட்ட பெயரேடுகள் பேணப்பட்டு, பின்னர் மக்களின் பார்வைக்கு விடப்பட்டன. தோட்ட உரிமையாளனின் பாட்டனைத் தேடுதல் எளிது. தொழிலாளியின் பாட்டனைத் தேடுதல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அட்டவணைகளில் இவன் தனிப்பிரிவாகவும் அமையவில்லை. யாழ்ப்பாணத்து விவசாயியும் தோட்டத் தொழிலாளியும் 'தமிழர்' என்னும் ஒரே நிரலில் எண்ணப்பட்டனர். 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்னும் பாகுபாடு 1911ஆம் ஆண்டு மதிப்பிலேயே இடம்பெற்றது.

இக்குறைபாடு வரலாற்று மாணவனை மட்டும் வருத்தியதாயின் அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் முன்னோரின் பிறப்பிடத்தையே உரிமைக்கு அடிப்படையாக்கிற்று. இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு அவர் தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும்.

1920இல் ஒரு தோட்டத்திற் பிறந்தவரை எடுத்துக்கொள்வோம். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டெனக் கொள்ளின், தந்தை 1895 அளவிலும் பாட்டன் 1870 அளவிலும் பூட்டன் 1845 அளவிலும் பிறந்திருப்பர். பிறப்புப் பதிவு 1867இலேயே தொடங்கியது. அது கட்டாயமானது 1897இல். ஆகவே பூட்டன் பிறந்தபோது பதிவுமுறையே இல்லை. தந்தை பிறந்தபோது அது கட்டாயமாக இருக்கவில்லை. அரசு எழுதி வைக்காத ஒன்றுக்கு அரசே சான்று கேட்டது என்பது மிகையன்று. சிங்களக் கிராமத்தவரிடமோ வடபுலத்து உழவரிடமோ இத்தகைய சான்று பெரும்பாலும் இருந்ததில்லை. ஆயின் அவர்களிடம் எவரும் அதனைக் கேட்கவில்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பலர் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பியவர்கள். தேயிலைச் செய்கை பரவிய பின்னரே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கமும் நம்மவரிடம் உள்ளது. கடல் கடந்து தாயகத்திற் பிறந்து, கைக்குழந்தையாகத் தோட்டத்துக்கு மீண்ட ஒருவன் தன் வாழ்நாள் முழுவதையும் இங்கு கழித்திருப்பினும், அவனால் அச்சங்கிலி அறுந்துபோகும்.

தோட்டத்துச் செக்ரோலிற் பெயர் உண்டு. எனினும் அது கூலி கணக்கிட எழுதப்பட்ட ஏடு, பிறப்பிடத்துக்குச் சான்றாகாது. கங்காணியின் பெயரும் சொந்த ஊரின் பெயரும் குடும்ப நினைவில் நிலைத்தன. ஆனால் ஊர்ப்பெயரை நினைவிற் பேணியதே 'இவர் அந்நாட்டவர்' என்பதற்கு ஆதாரமாகக் கொள்ளப்படும் இடர் இருந்தது.

இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பற்றிய 1949ஆம் ஆண்டுச் சட்டம் முன்னோரை விடுத்துத் தொடர்ச்சியான வதிவைக் கேட்டது. அதற்கும் பத்திரங்களே தேவைப்பட்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் ஏற்றுக்கொண்டது. அதன்கீழ் உரிமை கோரியவர் தம் பூட்டனின் பிறப்பிடத்தைக் காட்டவேண்டியிருக்கவில்லை.