நிலத்தடித் தாங்கிகளும் உடைமையாளர் கடமையும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் மோட்டார் வாகனம் பெருகிய அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பெற்றோல் நிலையங்கள் தோறும் காப்புப் பூச்சற்ற உருக்குத் தாங்கிகள் புதைக்கப்பட்டன. அவை துருவேறிக் கசிந்தமையைப் பல இடங்களில் முதலில் அறிந்தவர் உடைமையாளரல்லர். தம் கிணற்று நீரில் எண்ணெய் மணத்தை உணர்ந்த அயலவரே. கசிவின் ஊற்று எதுவென நீதிமன்றில் நிறுவும் சுமையும் அவர்மீதே வீழ்ந்தது. பிறர் நிலத்தின் அடியில் நிகழ்ந்ததை அவர் எங்ஙனம் நிறுவுவது?

கழிவுப்பொருட் சட்டத்திற்குக் காங்கிரஸ் 1984 இல் செய்த திருத்தமும், அதனடியாகச் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் 1988 இல் வெளியிட்ட விதிகளும் இந்நிலையை மாற்றின. ஐயம் எழுந்து 24 மணி நேரத்துள் அறிவித்தலும், 7 நாட்களுள் ஆராய்தலும், கசிவு உறுதியாயின் மண்ணையும் நீரையும் துப்புரவாக்கலும் உடைமையாளருக்கும் நடத்துநருக்கும் உரிய கடமைகளாயின. தண்டத்தைவிட, தேடவேண்டியவர் யாரென வரையறுத்தமையே இவ்விதிகளின் சிறப்பு என்பது எமது கருத்து.

ஆயின் கடமை சுமந்தோருட் பலர் சிறு வணிகர். துப்புரவுச் செலவோ நிலையத்தின் விலையையே விஞ்சக்கூடியது. உடைமையாளர் அறியப்படாத, அன்றி வசதியற்ற இடங்களுக்கென 1986 இல், கலனுக்கு 0.1 சத வரியுடன் ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. இவ்வாறு, கசிவோடு தொடர்பற்ற வாகன ஓட்டுநரும் செலவிற் பங்காளராயினர். பழைய தாங்கிகளைத் திருத்தவோ மாற்றவோ மூடவோ தரப்பட்ட தவணை 1998 டிசம்பர் 22 இல் முடிவுற்றபோது, சிறு நிலையங்கள் பல கதவடைத்திருந்தன.