மருத்துவரும் ஓவியர் இருவரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரிந்து, விடுமுறை நாளில் பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. கழியோரத்து உமரியையும் கண்டலையும் காட்டும் நாம், "வரைந்து பார்" என்று சொல்ல மட்டும் தயங்குகிறோம். ஓவியம் நமக்கு ஆகாது என்ற பொதுவான எண்ணமே காரணம். ஆனால் உருவம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

1620இல் ஜஹாங்கீருடன் காஷ்மீர் சென்ற உஸ்தாத் மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை வரைந்ததாக அம்மன்னரே எழுதியுள்ளார். (மன்சூர் பறவைகளையும் விலங்குகளையும் வரைந்தவர் என்பது வேறு விவாதம்.) அவ்வோவியங்கள் அரண்மனையைத் தாண்டவில்லை. செடியின் படம் அச்சேறிப் பலரைச் சென்றடையும் வேலை, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் நமக்கு அருகிலுள்ள சென்னையில் நடந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819இல் இங்கு வந்த ராபர்ட் வைட், தாவர ஆய்வில் ஈடுபட்டார். அவருக்காக வரைந்தவர் ரங்கையா. அவருக்குப் பின் கோவிந்து. தாளில் அழுத்திக் காயவைத்த செடியில் நிறமும் வடிவமும் கெட்டுவிடும். எனவே முழுக் கிளையை மேலே வரைந்து, பிரித்தெடுத்த பூவின் மகரந்தத்தாள், சூலகம், விதை ஆகியவற்றைப் பெரிதாக்கிக் கீழே தீட்டினர். எந்த உறுப்பைக் காட்ட வேண்டும் என்பது மருத்துவரின் அறிவு. அதைக் கண்டு கோட்டில் நிறுத்துவது ஓவியரின் அறிவு. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

அச்சிடுவதே பெரும்பாடு. வைட் கல்லச்சுத் தொழிலைத் தாமே கற்க வேண்டியிருந்தது. 1838 முதல் 1853 வரை, 'ஐகோனெஸ்' எனச் சுருக்கமாக வழங்கும் அவரது நூல் ஆறு தொகுதிகளாக, 2,101 படங்களுடன் வெளிவந்தது. விலை கூடாதிருக்கப் படங்களுக்கு வண்ணம் தீட்டவில்லை. தாவரவியலார் இன்றும் அப்படங்களை எண் குறித்தே மேற்கோள் காட்டுகின்றனர்.

ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் தம் ஓவியரின் நினைவாகக் 'கோவிந்தூயா' எனப் பெயரிட்டார். அக்காலத்தில் இந்திய ஓவியருக்குக் கிட்டிய அரிய மதிப்பு அது. பின்வந்தோர் அதை டிரோபிடியா என்னும் பேரினத்துள் அடக்கிவிட்டதால் அப்பெயர் வழக்கில் இல்லை. அச்சான படங்களின் அடியில் மட்டும் ரங்கையா, கோவிந்து என்ற பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கின்றன.