செப்டம்பர் 17-க்கு எத்தனை பெயர்?

நமது சங்கத்தின் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் காபி வந்து சேருவதற்கு முன்பே ஒரு தீர்மானம் வந்துவிட்டது. பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில், வர்ணப் பிரிவுகளைப் பற்றிய பாடத்தில், நம் சமூகத்தைக் குறித்து வரும் ஒரு வாக்கியம் பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்துகிறது. அதை நீக்கும்படி சங்கத்தின் சார்பில் மனு அனுப்ப வேண்டும் என்பது தீர்மானம். ஏகமனதாக நிறைவேறியது. முப்பத்திரண்டு வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியவன் என்பதால் மனுவை எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால், 'மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதை அங்கத்தினர்களிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு நம் ஹைதராபாத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படிக்கப் பிரார்த்திக்கிறேன்.

என் தகப்பனார் லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். 1948-ஆம் வருஷத்தைப் பற்றி இரண்டு சம்பவங்களைச் சொல்வார். எப்போது சொன்னாலும் இரண்டையும் சேர்த்தே சொல்வார். முதலாவது, அந்தக் கோடையில் எங்கள் பாட்டியையும் அத்தைகளையும் மெட்ராஸ் ரயிலில் ஏற்றி அனுப்பியது. காசிம் ரஸ்வியின் ரஜாக்கர்கள் கிராமம் கிராமமாக அட்டூழியம் செய்துகொண்டிருந்த சமயம். செகந்திராபாத்தில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு; இருந்தாலும் ராத்திரியில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் கிடையாது. இரண்டாவது, அவருடன் வேலை பார்த்த ஒரு ஃபிட்டரைப் பற்றியது. பீதர் பக்கத்துக்காரர், முஸ்லிம். அக்டோபரில் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர், ஒரு மாதம் யாருடனும் பேசவில்லையாம். கூடப் பிறந்தவர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை. "ரெண்டும் ஒரே வருஷத்துலதாண்டா நடந்தது" என்பார் அப்பா.

நான் பள்ளியில் படித்த புத்தகத்தில் இதெல்லாம் நான்கைந்து வரிகள். 1948 செப்டம்பர் 13-ஆம் தேதி இந்திய ராணுவம் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. 17-ஆம் தேதி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ரேடியோவில் போர் நிறுத்தத்தை அறிவித்தார். மறுநாள் அவருடைய தளபதி எல் எத்ரூஸ், மேஜர் ஜெனரல் ஜே.என். சௌத்ரியிடம் சரணடைந்தார். இதற்குப் 'போலீஸ் ஆக்‌ஷன்' என்று பெயர். டாங்கிகளோடு போன ராணுவத்தை ஏன் போலீஸ் என்கிறோம் என்று வகுப்பில் கேட்டதற்கு, வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். காரணம் பிற்பாடுதான் புரிந்தது. நிஜாம் அரசு அந்த ஆகஸ்டிலேயே ஐ.நா. பாதுகாப்புச் சபையில் புகார் கொடுத்திருந்தது. யுத்தம் என்று சொன்னால் அது இரண்டு தேசங்களின் விவகாரம் ஆகிவிடும். போலீஸ் என்றால் நம் வீட்டு விவகாரம்.

அப்பாவின் முதல் சம்பவம் போன்றவை காலப்போக்கில் பாடங்களில் ஏறின. இரண்டாவது வகை, நான் நடத்திய எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஆதாரம் இல்லாமல் இல்லை. பிரதமர் நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு 1948 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் சமஸ்தானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ராணுவ நடவடிக்கையின்போதும் அதற்குப் பிறகும் 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்திருக்கலாம் என்று கணக்குக் கொடுத்தது. அந்த அறிக்கை அச்சாகவில்லை. டில்லியில் நேரு நினைவு நூலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு அது வந்ததே 2013-ல்தான்.

அதற்காக முதல் கதை பொய்யாகிவிடாது. பைரான்பள்ளி கிராமத்தில் அந்த ஆகஸ்டில் நடந்த படுகொலையை அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றும் மறக்கவில்லை. அதே மாதம் 'இம்ரோஸ்' உருதுப் பத்திரிகையின் ஆசிரியர் ஷோயபுல்லா கானை ஹைதராபாத் வீதியில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். சமஸ்தானம் இந்தியாவோடு சேர வேண்டும் என்று எழுதியதுதான் அவர் செய்த குற்றம். அவர் முஸ்லிம், அவரைக் கொன்றது ரஜாக்கர்கள். இந்த ஒரு மனிதரைப் பாடத்தில் வைத்துவிட்டால் ஹிந்து எதிர் முஸ்லிம் என்று எழுதுகிறவர்களுக்கும் கஷ்டம், ரஜாக்கர்களைப் பற்றி மெல்லப் பேசுகிறவர்களுக்கும் கஷ்டம். அதனால்தானோ என்னவோ, அவர் பெயரைச் சொன்னால் மாணவர்கள் யார் என்று விழிப்பார்கள்.

செப்டம்பர் 17-ன் பெயருக்கு வருவோம். ஒன்றுபட்ட ஆந்திராவில் அந்த நாளுக்கு அரசு விழாவே கிடையாது. பா.ஜ.க.வுக்கு அது விமோசன தினம். அந்தச் சொல் பிடிக்காதவர்களுக்கு விலீன தினம், அதாவது இணைப்பு நாள். கம்யூனிஸ்டுகளின் கணக்கு வேறு. 1946-ல் ஆரம்பித்த அவர்களுடைய ஆயுதப் போராட்டம் நிஜாம் போன பிறகும் 1951 வரை, இந்திய ராணுவத்துக்கு எதிராகவே நடந்தது. 2022-ல் வேடிக்கையைப் பார்த்தோம். மத்திய அரசு செகந்திராபாத் பரேட் கிரவுண்டில் அமித் ஷா தலைமையில் 'ஹைதராபாத் விடுதலை தினம்' கொண்டாடியது. சந்திரசேகர ராவ் அரசு அதே நாளில் 'தேசிய ஒருமைப்பாட்டு தினம்' கொண்டாடியது. இரண்டுக்கும் நடுவே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டவர்களில் அடியேனும் ஒருவன். 2024 மார்ச்சில் மத்திய அரசு விடுதலை தினம் என்ற பெயரை கெஜட்டில் அறிவித்தது. அந்த செப்டம்பரில் மாநிலத்தின் புதிய காங்கிரஸ் அரசு 'பிரஜா பாலன தினம்' என்று வேறொரு பெயர் சூட்டியது. பரீட்சையில் கேட்டால் பையன் எதை எழுதுவான்?

இது ஜனநாயகம் கொண்டுவந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். நிஜாம் காலத்திலும் படிப்புக்குள் அரசும் மதமும் புகுந்துதான் இருந்தன. 1918-ல் ஆரம்பமான உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பாடமொழி உருது. பெரும்பாலான ஜனங்கள் வீட்டில் பேசியது தெலுங்கு, மராத்தி, கன்னடம். முஸ்லிம் மாணவர்களுக்கு மார்க்கக் கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை. 1938-ல் விடுதியில் வந்தே மாதரம் பாடத் தடை வந்தபோது மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், வெளியேற்றப்பட்டார்கள். நாக்பூர் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் பிற்காலத்துப் பிரதமர் பி.வி. நரசிம்ம ராவ். (அதே காலத்தில், 1937-ல், நிஜாமின் அரசியல் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் திவான் பகதூர் அரவமுது ஐயங்கார். நான் நடத்திய புத்தகங்களில் அவர் பெயரும் இல்லை. அதற்காக நம்மில் யாரும் மனுப் போடவில்லை!)

நிற்க. டில்லி சமாசாரத்துக்கு வருகிறேன். நம் மனுவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அதுதான்.

ஆர்.எஸ். சர்மா எழுதிய 'பண்டைய இந்தியா' பதினோராம் வகுப்புக்கான என்.சி.இ.ஆர்.டி. புத்தகம். ஜனதா ஆட்சியில் 1978-ல் பாடத்திட்டத்திலிருந்து அதை எடுத்தார்கள். ஆட்சி மாறியதும் திரும்பி வந்தது. 2001 அக்டோபரில் சி.பி.எஸ்.இ. ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: இதிலும் வேறு சில சரித்திரப் புத்தகங்களிலும் குறிப்பிட்ட பகுதிகளை நடத்தக் கூடாது, வகுப்பில் விவாதிக்கவும் கூடாது. வேதகால உணவு பற்றியது ஒன்று. பிராமணர்களைப் பற்றியதும் அதில் உண்டு. அசோகர் காலத்தில் யாகங்களுக்கு எதிரான போக்கினால் பிராமணர்களுக்கு நஷ்டம் ஏற்பட்டது என்ற பகுதி. அப்போது நான் பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்க எண்ணையும் வரியையும் சொல்லிப் பென்சிலால் அடிக்கச் சொன்னேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கடைசி பெஞ்சுப் பையன்கள் உள்பட நாற்பது பேரும் அந்தப் பக்கத்தைக் கவனமாகப் படித்தார்கள். மறுநாள் ஒரு பெண் எழுந்து, "சார், இது தப்புன்னு அடிச்சோமா, வேண்டாம்னு அடிச்சோமா?" என்று கேட்டாள். விவாதிக்கக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

2002-ல் புதுப் புத்தகங்கள் வந்தன. இந்திய வரலாற்றுக் காங்கிரஸ் அவற்றிலுள்ள பிழைகளைத் தொகுத்து 2003-ல் தனியாக ஒரு நூலே போட்டது. 2004-ல் ஆட்சி மாறியது; 2006-லிருந்து மறுபடியும் வேறு புத்தகங்கள். காங்கிரஸ் ஆட்சியிலும் கத்தரிக்கோல் சும்மா இருந்ததில்லை. 2012-ல் அம்பேத்கர் கார்ட்டூன் விவகாரத்தில் பார்லிமெண்டே அமர்க்களப்பட்டு, பாடநூல் ஆலோசகர்கள் இருவர் ராஜினாமா செய்தார்கள்.

நம்மைப் போலவே ஒரு சமூகம் மனக்குறையோடு புறப்பட்ட கதை ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஆடைகளின் சரித்திரம் பற்றிய ஒரு பாடத்தில், திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடி 1859-ல் வென்ற தோள்சீலைக் கலகம் இருந்தது. அந்தச் சமூகத்தைப் பற்றிய சில சொற்கள், முக்கியமாக அவர்களை வெளியூரிலிருந்து குடியேறியவர்கள் என்றது, தவறு என்று அவர்களுடைய அமைப்புகள் ஆட்சேபித்தன. நியாயமான ஆட்சேபம்தான், உயர் நீதிமன்றம் வரை போனது. ஆனால் 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. செய்தது என்ன? சொற்களைத் திருத்தவில்லை, அந்தப் பகுதியையே விட்டுவிடச் சொன்னது. 2019-ல் அந்தப் பாடமே புத்தகத்திலிருந்து போய்விட்டது. பெரிய பாட்டிமார் அடிபட்டு வாங்கிய உரிமையைப் பற்றிக் கொள்ளுப் பேத்திகள் அந்தப் புத்தகத்தில் படிக்க முடியாது. புகார் கொடுத்தவர்கள் இதையா கேட்டார்கள்?

நம் விஷயமும் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் கோட்சேயை 'புனேயைச் சேர்ந்த பிராமணர்' என்று சொல்லும் சொற்கள் நீக்கப்பட்டதாக 2023-ல் பத்திரிகைகள் எழுதின. நம்மில் பலருக்கு நிம்மதி, எனக்கும்தான், மறைக்கவில்லை. அப்புறம் செய்தியை முழுதும் படித்தேன். ஹிந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்திஜி விடாமல் பாடுபட்டது தீவிரவாதிகளுக்கு ஆத்திரமூட்டியது என்ற வாக்கியமும் போயிருந்தது. நம் ஜாதிப் பெயரோடு கொலைக்கான காரணமும் போய்விட்டது. பாடச் சுமையைக் குறைப்பதற்காக என்று அதே பன்னிரண்டாம் வகுப்பில் முகலாய அரசவை பற்றிய பாடமும் போனது. ஔரங்கசீப் 1687-ல் கோல்கொண்டாவைப் பிடிக்காமல் போயிருந்தால், முகலாயர்களின் தக்காண சுபேதார் ஒருவர் 1724-ல் தனி ராஜ்யம் அமைத்திருக்க மாட்டார். நிஜாமும் இல்லை, செப்டம்பர் 17-ம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோல்கொண்டாவுக்குப் பிக்னிக் போகும் ஹைதராபாத் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க நான் எதைப் படிக்கச் சொல்வது?

2024 ஜூனில் நம் மாநிலத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அது சரித்திரப் புத்தகம் அல்ல, தெலுங்குப் புத்தகம். முன்னுரையில் பழைய முதலமைச்சர் பெயர் அப்படியே அச்சாகிவிட்டது. கொடுத்த புத்தகங்களைத் திரும்ப வாங்கி, அந்தப் பக்கத்தைப் பசை போட்டு ஒட்டச் சொன்னார்கள். எங்கள் குடியிருப்புக் காவலாளியின் மகன் ஒட்டிய பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினான். எழுத்து நன்றாகவே தெரிந்தது.

இனி மனு. அந்த ஒரு வாக்கியத்தை மட்டுமல்ல, பாடம் முழுவதையும் இரண்டு தரம் படித்தேன். வாக்கியம் அவசரமாக எழுதப்பட்டது. எந்தக் காலம், எந்தப் பிரதேசம், எந்த ஆதாரம் என்று எதுவும் இல்லை. ஆயிரம் வருஷத்தை ஒரு வரியில் மூட்டை கட்டியிருக்கிறார்கள். ஆனால் அடியோடு பொய் என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது. நம் முன்னோர்கள் எல்லோரையும் படிக்கவிட்டார்கள் என்று பேரனிடம் நான் எப்படிச் சொல்வேன்? காலத்தையும் ஆதாரத்தையும் சேர்த்து எழுதுங்கள், இன்னும் நான்கு வரி கூட்டுங்கள் என்று கேட்பதானால், இன்று ராத்திரியே எழுதித் தருகிறேன். நீக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்றால், செயலாளர் மாமா மன்னிக்க வேண்டும். 'மதிப்பிற்குரிய ஐயா' எழுதிய காகிதம் என் மேஜையில் இருக்கிறது. வேறு யாராவது வாங்கிக்கொண்டு போய் மேலே எழுதலாம். மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.