தோட்ட மருத்துவமும் சம்மதமும்

உயிரியல் அறவியலில் மேற்படிப்புப் படிப்போர் நூல்களில் காணும் கேள்விகள், இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலமாக வாழ்க்கையாகவே இருந்தவை. 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் நலம் தொடர்பான கடமைகளைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. வேலை தருபவரின் பொறுப்பிலேயே மருந்தும் இருந்தது. எல்லாச் சிக்கலும் இதிலிருந்தே தொடங்குகிறது.

1980இல் இலங்கை அரசு, கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்கு ரொக்கப் பணம் தரத் தொடங்கியது. நிரந்தரக் கருத்தடை நகரங்களையும் கிராமங்களையும் விடத் தோட்டங்களில் மிகுந்திருந்தது. அதில் விருப்பம் எவ்வளவு, நெருக்கடி எவ்வளவு? பலர் விரும்பியே செய்துகொண்டனர் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் நாட்கூலிக்குக் கொழுந்து பறித்து, லயன் எனும் வரிசைக் குடியிருப்பின் அறையில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அந்தப் பணம் சிறிதல்ல. தமிழ் மட்டுமே அறிந்தவரிடம் சிங்களத்தில் விளக்கிப் பெறும் கையொப்பத்தைச் சம்மதம் எனக் கொள்வது அநீதி.

1979இல் அமெரிக்காவில் வெளியான பெல்மான்ட் அறிக்கை, மருத்துவ ஆய்வுக்கான சம்மதத்துக்குத் தகவல், புரிதல், தன்விருப்பம் ஆகிய மூன்றையும் வேண்டுகிறது; புரியாத மொழியில் பெற்ற கையொப்பத்தில் புரிதலே இல்லை. வேலை தருபவரிடமே மருந்தும் இருந்த நிலையை மாற்றி, தோட்ட மருத்துவமனைகள் பலவற்றை இலங்கை அரசு பின்னர் படிப்படியாகப் பொறுப்பேற்றது.