மேஜை அறைக்குள் இருபத்தைந்து வருஷம்



அடக்குமுறைக்கு முன்னால் கலை தோற்றதா, ஜெயித்ததா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ரஷ்ய இசைமேதை ஷோஸ்தகோவிச், ஸ்டாலினுக்குப் பயந்து தலையாட்டிய மனுஷன். பயந்தவன் என்ன கலைஞன் என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார். அய்யா, அவர் பயந்தார் என்பதை நான் மறுக்கப்போவதில்லை. பயந்தார். நல்லாவே பயந்தார். ஆனால் எதுக்குப் பயந்தார், பயந்துகொண்டே என்ன எழுதினார், இதைச் சொல்லாமல் உட்காரலாமா?

1906-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர் திமித்ரி ஷோஸ்தகோவிச். 1922-இல் அப்பா போய்விட்டார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! பையன் ஊமைப்படம் ஓடும் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசித்தான். பத்தொன்பது வயதில் அவனுடைய முதல் சிம்பொனி மேடையேறியது. சிம்பொனி என்றால் நூறு பேர் வரைக்கும் சேர்ந்து வாசிக்கிற பெரிய இசை. பெரும்பாலும் அதில் பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1934-இல் 'லேடி மக்பெத்' என்று ஒரு ஆப்பரா, அதாவது இசை நாடகம் போட்டார். இரண்டு வருஷம் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் சக்கைப்போடு போட்டது. அமெரிக்கா வரைக்கும் போனது. 1936 ஜனவரி 26-ஆம் தேதி ஸ்டாலின் பார்க்க வந்தார். முடிவதற்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டார். நம்ம வீட்டுக் கல்யாணத்தில் பெரிய மனுஷர் சாப்பிடாமல் எழுந்து போனாலே நமக்கு வயிறு கலங்கும். இங்கே எழுந்து போனவர் யார்!

இரண்டே நாளில் 'பிராவ்தா' பத்திரிகையில் தலையங்கம். தலைப்பு, 'இசைக்குப் பதிலாகக் குழப்பம்'. எழுதியவர் பெயர் கிடையாது. பெயர் இல்லாத கட்டுரைதான் அந்த நாட்டில் பெரிய கட்டுரை. இந்த விளையாட்டு மோசமாக முடியக்கூடும் என்று அதிலே ஒரு எச்சரிக்கை. கச்சேரிக்காக வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் ஊருக்குப் போயிருந்தவர், அங்கேதான் அந்தப் பேப்பரை வாங்கிப் படித்தார். அப்போது அவருக்கு வயசு 29. மனைவி நீனா கர்ப்பமாக இருந்தார்கள். மே மாசம் பெண் குழந்தை பிறந்தது.

தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அக்காவின் கணவர் கைது. அக்கா ஊரைவிட்டு வெளியேற்றம். மாமியார் சிறைமுகாமில். அவரை ஆதரித்த ராணுவத் தளபதி துகச்செவ்ஸ்கியை 1937 ஜூனில் சுட்டுவிட்டார்கள். அவரோடு வேலை செய்த நாடக மேதை மேயர்ஹோல்டை 1939-இல் பிடித்தார்கள், 1940-இல் சுட்டார்கள். கையில் குழந்தை, சுற்றி இவ்வளவு. இதிலே பயப்படாதவன் வீரன் என்றால், நடுவர் அவர்களே, வீரனுக்கும் வெளியூர்க்காரனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அர்த்தம். (கைதட்டல்)

நாலாவது சிம்பொனியை அந்த 1936-இல்தான் முடித்தார். ஒத்திகையும் நடந்தது. டிசம்பரில் திரும்ப வாங்கிக்கொண்டார். மேஜை அறைக்குள் வைத்தார். அது வெளியே வந்தது எப்போது? 1961 டிசம்பர் 30. இருபத்தைந்து வருஷம்! இருபத்தொன்பது வயதில் எழுதி முடித்ததை ஐம்பத்தைந்து வயதுக்காரராக உட்கார்ந்து முதன்முதலில் கச்சேரியாகக் கேட்டார்.

சரி, ஒளித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தாரா? 1937 நவம்பர் 21, லெனின்கிராடில் அஞ்சாவது சிம்பொனி. மூன்றாவது பகுதி மெதுவான பகுதி. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் அழுதார்கள். வீட்டுக்கு வீடு யாரோ ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போன வருஷம் அது. தெருவில் அழ முடியாது, அலுவலகத்தில் அழ முடியாது. ஏன் அழுகிறாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கச்சேரியில் அழலாம். இசை நல்லா இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் பாருங்க! கடைசிப் பகுதியில் மேளமும் எக்காளமும் முழங்கி வெற்றி மாதிரி முடியும். அது நிஜமான கொண்டாட்டமா, முதுகில் தடியை வைத்து "சிரி, சிரி" என்ற கொண்டாட்டமா? இன்றைக்கு வரை வாதம் நடக்கிறது. அரசாங்கம் வெற்றி என்று எடுத்துக்கொண்டது. ஜனங்கள் அரை மணி நேரத்துக்கு மேல் கைதட்டினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஸ்வரம்தான் கேட்டது.

இங்கேதான் நான் முதலில் சொன்னதை எடுக்கிறேன். வார்த்தை இல்லாத இசையை யாரும் கோர்ட்டில் நிறுத்த முடியாது. ஒரு கவிஞன் மாட்டிக்கொண்டால் அவன் வரியே அவனுக்கு எதிர்ச்சாட்சி. ஸ்வரத்துக்குச் சாட்சி சொல்லத் தெரியாது.

பிறகு யுத்தம் வந்தது. 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை லெனின்கிராடை முற்றுகை போட்டது. அந்தக் குளிர்காலத்தில் வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. பசியில் தெருவிலேயே விழுந்து செத்தார்கள். கல்லூரிக் கூரையில் தீயணைப்புக் காவல் நின்ற ஷோஸ்தகோவிச், அங்கே தொடங்கிய ஏழாவது சிம்பொனியை, விமானத்தில் வெளியேற்றப்பட்ட பிறகு குயிபிஷெவ் நகரில் முடித்தார். அதை அந்தப் பட்டினி ஊரிலேயே வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வானொலி இசைக்குழு நடத்துநர் எலியாஸ்பெர்க் கூப்பிட்டால் முதல் ஒத்திகைக்கு வந்தது பதினைந்து பேர் மாதிரிதான். ஊதுகிற வாத்தியக்காரருக்கு ஊத மூச்சில்லை. வாத்தியம் தெரிந்த சிப்பாய்களைப் போர்முனையிலிருந்து அனுப்பினார்கள். வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் சாப்பாடு கொடுத்தார்கள். 1942 ஆகஸ்ட் 9, கச்சேரி. எதிரி பீரங்கி இடையில் வெடிக்கக்கூடாது என்று ரஷ்யப் பீரங்கிகள் முன்கூட்டியே சுட்டு அவர்கள் வாயை அடைத்தன. இசையை ஒலிபெருக்கியில் எதிரிப் படையின் காதிலும் விழ வைத்தார்கள்.

இப்படிப்பட்டவரை அப்புறமாவது விட்டார்களா? 1948 பிப்ரவரியில் கட்சித் தீர்மானம்! மக்களுக்குப் புரியாத இசை எழுதுகிறார் என்று. பசியில் கிடந்த ஊருக்கே புரிந்த இசை, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரியவில்லை. பேராசிரியர் வேலை போச்சு. சினிமாவுக்கு இசை போட்டுப் பிழைத்தார். அந்த நாளில் எழுதிய வயலின் கான்செர்ட்டோ மேஜை அறைக்குள் போனது. 1955-இல்தான் ஓய்ஸ்த்ராக் அதை வாசித்தார். 1949-இல் ஸ்டாலினே டெலிபோன் செய்து, அமெரிக்காவுக்குப் போய்ப் பேசு என்று அனுப்பினார். அங்கே ஒருவர் சபையில் எழுந்து, ஸ்ட்ராவின்ஸ்கியைத் திட்டியதை நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஷோஸ்தகோவிச் மிகவும் மதித்த இசைஞர் ஸ்ட்ராவின்ஸ்கி. ஆமாம் என்றார். கேட்டவர் அன்றைக்கு ராத்திரி தன் வீட்டில் போய் நிம்மதியாகத் தூங்கலாம். பதில் சொன்னவர் மாஸ்கோவுக்குத் திரும்ப வேண்டும்.

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். டிசம்பரில் பத்தாவது சிம்பொனி வந்தது. பாட்டில் தன் பெயரை முத்திரையாக வைப்பது நமக்குப் பழக்கம். இவரும் வைத்தார். ஜெர்மானியர்கள் ஸ்வரத்துக்கு எழுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். டி, எஸ், சி, ஹெச் என்று நாலு ஸ்வரம். ஜெர்மன் எழுத்தில் அவர் பெயரின் தலையெழுத்துகள் அவை. பத்தாவது சிம்பொனியின் முடிவில் அந்த நாலு ஸ்வரமும் ஓங்கி ஓங்கி ஒலிக்கும். போனது நீ, இருப்பது நான் என்கிற மாதிரி என் காதில் விழுகிறது.

நண்பர் இன்னொன்றும் சொல்லலாம். 1960-இல் கட்சியில் சேர்ந்தாரே? 1973-இல் விஞ்ஞானி சகாரோவைக் கண்டித்த கடிதத்தில் அவர் பெயர் இருந்ததே? இருந்தது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். சகாரோவ் தனி ஆளாக நின்ற நேரம் அது. கலை ஜெயித்தது என்று பேச வந்திருக்கிறேனே தவிர, கலைஞர் காயம்படாமல் வந்தார் என்று பேச வரவில்லை. அந்த 1960-இல், டிரெஸ்டன் பக்கத்தில் மூன்றே நாளில் எட்டாவது நால்வாத்திய இசையை எழுதினார். அது முழுக்க அதே நாலு ஸ்வர முத்திரை. அட்டையில் பாசிசத்துக்கும் யுத்தத்துக்கும் பலியானவர்களுக்கு என்று போட்டார். நண்பர் கிளிக்மனுக்கு எழுதிய கடிதத்திலோ, என் நினைவுக்கு நானே எழுதிக்கொண்டேன் என்ற கருத்தில் எழுதினார்.

1962-இல் துணிந்து வார்த்தையோடு வந்தார். யெவ்துஷெங்கோவின் கவிதைகளை வைத்துப் பதின்மூன்றாவது சிம்பொனி. கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் நாஜிகள் கொன்ற யூதர்களைப் பற்றி அதில் வருகிறது. உடனே தொல்லை. பழைய நண்பர் மிராவின்ஸ்கி நடத்த மறுத்தார். பாடகர் கடைசி நேரத்தில் வரவில்லை. கச்சேரி நடந்தேறிய பிறகு கவிதை வரிகளை மாற்றச் சொன்னார்கள். ஸ்வரத்தை மாற்றச் சொல்லவில்லை!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரே நிமிஷம் அய்யா. 1975-இல் ஷோஸ்தகோவிச் காலமானார். அவர் ஒளித்து வைத்திருந்ததில் ஒன்று 'ரயோக்' என்ற கேலி நாடகம். 1948 கூட்டத்தையே நக்கல் செய்து எழுதியது. நண்பர்களுக்குள் மட்டும் இருந்ததை 1989 ஜனவரியில், அவர் போய்ப் பதினாலாவது வருஷத்தில், வாஷிங்டனில் ரொஸ்த்ரோபோவிச் மேடையேற்றினார். அதில் ஸ்டாலின் மாதிரி ஒரு பாத்திரம் எழுந்து இசையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறது. அந்தப் பிரசங்கத்துக்கு இவர் எந்த மெட்டைப் போட்டார் தெரியுங்களா? 'சுலிக்கோ'. ஸ்டாலினுக்கு ரொம்பப் பிடித்த ஜார்ஜிய நாட்டுப் பாட்டு!

 (கைதட்டல்)